கொத்துச்சாவி அப்பத்தா இடுப்பில், கூட்டம் முகப்பில்

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வயது 41. எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கியதால் 2019 டிசம்பர் தேர்தலில் நின்று தலைவரானேன். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தது. ஆரம்பத்தில் எல்லாம் என் வீட்டுக்காரர்தான், செக்கில் கையெழுத்து மட்டும் என்னுடையது. 2020 மார்ச்சில் வேலையாகச் சிங்கப்பூர் போனவர் கொரோனாவில் அங்கேயே மாட்டிக்கொண்டார். திரும்பி வர எட்டு மாதம் ஆனது. உண்மையில் அந்த எட்டு மாதத்தில்தான் நான் தலைவரானேன். இப்போது சட்டமன்றத்துக்குக் கட்சியில் மனுப் போட நினைக்கிறேன். என்றைக்காவது நாடாளுமன்றம் போக வேண்டும் என்றும் ஆசை, சிரிக்காதீர்கள். ஒன்றியச் செயலாளர், "நம்ம பக்கப் பண்பாட்டுக்கு பொம்பளை எம்.பி. எல்லாம் ஒத்து வராதும்மா, சனம் ஓட்டுப் போடாது" என்கிறார். மாமியார், "ஊருக்குள்ள பண்ணுனது போதும்" என்கிறார். பிளஸ் டூ படிக்கும் மகளோ, "இலங்கையில 1960லயே பொம்பளைப் பிரதமர். அப்புறம் என்னம்மா பண்பாடு?" என்று கேட்கிறாள். இவர்களில் யார் சொல்வது சரி? நான் என்ன செய்ய?

பதில்: அன்புத் தங்கச்சிக்கு,

சிரிக்கவில்லை. முப்பது வருஷம் கல்லூரியில் அரசியல் பாடம் நடத்திவிட்டு, இப்போது ஊராட்சிப் பெண் உறுப்பினர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். "என்றைக்காவது டெல்லி" என்று வாய்விட்டுச் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நீங்கள் எழுதியே அனுப்பியிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த எட்டு மாதம். அதைப் படித்ததும் எங்கள் வீட்டு அப்பத்தா ஞாபகம் வந்துவிட்டது. அவர் வீட்டுக்காரர், எங்கள் ஐயா, பர்மாவில் கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்யப் போனவர். மூன்று வருஷக் கணக்கு முடிந்து ஊர் வருவார், சில மாதம் இருப்பார், திரும்பப் போய்விடுவார். அந்த வருஷங்களில் எல்லாம் வீடு, வயல், வட்டி, வேலையாட்கள், கோயிலுக்குக் குடும்பக் கணக்கில் கட்டும் புள்ளி வரி, பங்காளி வீட்டு மொய் என்று எல்லாக் கணக்கும் அப்பத்தா கையில்தான் இருந்தது. இடுப்பில் கொத்துச்சாவி தொங்கும். அவர் நடந்து வரும் சத்தத்தில் வளவே, வீட்டின் உள்முற்றமே, அடங்கிவிடும்.

யுத்தத்தில் பர்மாவை விட்டு ஐயா வந்து சேர்ந்த பிறகும் சாவி அப்பத்தாவிடமே இருந்தது. ஆனால் முகப்புக்கு, ஆண்கள் உட்கார்ந்து பேசும் வாசல் பக்கத்துக்கு, ஐயா வந்துவிட்டார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்தது இது. பங்காளிகள் முகப்பில் உட்கார்ந்து ஒரு பாகப்பிரிவினைக் கணக்கைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பத்தா உள்ளே வளவுத் தூணுக்குப் பின்னால் முறுக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று மாவுக் கையோடு என்னைக் கூப்பிட்டு, "வட்டியைத் தப்பாப் போடுறாக. ரெண்டு மாசத்தை விட்டுட்டாக. போயி ஐயா காதுல சொல்லு" என்றார். ஓடிப்போய்ச் சொன்னேன். ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு, தானே கண்டுபிடித்த மாதிரி, "இருங்க, ரெண்டு மாசம் விட்டுப்போச்சு" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பத்தா மறுபடியும் மாவைப் பிசையத் தொடங்கினார்.

நம் பக்கத்துப் பண்பாடு என்று யாராவது சொன்னால் எனக்கு நினைவுக்கு வருவது இதுதான். பெண்ணுக்கு நிர்வாகம் தெரியாது என்று அது ஒருபோதும் சொன்னதில்லை. மருமகளுக்குத் தனி அடுப்பு, தனிக் கணக்கு கொடுத்து வேறு வைக்கிற பழக்கம் உள்ள ஊரில் அப்படிச் சொல்லவும் முடியாது. ஆண் கடல் தாண்டிப் போனால், செத்துப்போனால், சிறைக்குப் போனால் பெண் ஆளலாம், ஊரே கைகட்டி நிற்கும். அவர் முகப்பில் உட்கார்ந்திருக்கும்போது அவள் எழுந்து பேசக் கூடாது, அவ்வளவுதான்.

வேலு நாச்சியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1772இல் காளையார்கோவிலில் அவர் கணவர், சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். நாச்சியார் திண்டுக்கல் பக்கத்து விருப்பாச்சிக்குப் போய், ஹைதர் அலியின் உதவி பெற்று, 1780இல் சிவகங்கையை மீட்டு ஆண்டார். வீரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் கணவர் உயிரோடு இருந்திருந்தால் அந்த அரியணையில் அவர் உட்கார்ந்திருக்க வாய்ப்பில்லை.

அதிலிருந்து சரியாக 180 வருஷம் கழித்து, உங்கள் மகள் சொல்லும் 1960. அவள் சொன்ன தகவல் சரி. உலகத்தின் முதல் பெண் பிரதமர் சிரிமாவோ பண்டாரநாயக்கதான். அதற்கு முந்தைய வருஷம், 1959 செப்டம்பரில், பிரதமராக இருந்த அவர் கணவர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். பிலிப்பைன்ஸில் கோரசோன் அக்கினோ, வங்கதேசத்தில் காலிதா ஜியா இருவரும் கொல்லப்பட்ட கணவர்களின் மனைவியர். ஷேக் ஹசீனாவும் பாகிஸ்தானின் பேனசீர் பூட்டோவும் கொல்லப்பட்ட, தூக்கிலிடப்பட்ட தலைவர்களின் மகள்கள். இந்திரா காந்தி நேருவின் மகள். நம் மாநிலத்தில் முதல் பெண் முதல்வர் யார் என்று கேட்டால் பலரும் ஜெயலலிதா என்பார்கள். அவருக்கு முன்னால், 1988 ஜனவரியில், எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் ஜானகி அம்மாள் இருபத்து நான்கு நாள் முதல்வராக இருந்தார். ஜெயலலிதா யாருக்கும் மனைவியும் இல்லை, மகளும் இல்லை. அதற்காகவே அவர் கேட்க வேண்டியிருந்த பேச்சு கொஞ்சநஞ்சமல்ல.

இவர்கள் எல்லாம் திறமை இல்லாமல் வந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. வந்த வாசலைத்தான் சொல்கிறேன். ஆண் விட்டுப்போன நாற்காலி காலியாகக் கிடந்தது, குடும்பப் பெயரும் கூடவே இருந்தது, அதனால் அந்த வாசல் திறந்தது. அதே இலங்கையில், சிரிமாவோவும் ஆண்டு, அவர் மகள் சந்திரிகாவும் ஜனாதிபதியாக இருந்த பிறகும், 2020இல் தேர்வான நாடாளுமன்றத்தில் 225 பேரில் பெண்கள் 12 பேர்தான். 2024இல்தான் 21 ஆனது. அந்த வருஷம் பிரதமரான ஹரிணி அமரசூரிய அரசியல் குடும்பத்துப் பெண் அல்ல, பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். (எங்கள் வாத்தியார் இனம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.)

ஸ்வீடனில் கதை தலைகீழ். 1990களிலேயே நாடாளுமன்றத்தில் நூற்றுக்கு நாற்பது பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். முதல் பெண் பிரதமர் வந்தது 2021இல். அமெரிக்காவில் 2016இலும் 2024இலும் பெண்கள் நின்றும் அதிபராக முடியவில்லை. ஆகவே பெண்ணடிமை நாடு, பெண்விடுதலை நாடு என்று இரண்டு பட்டியல் போட்டால் கணக்கு உதைக்கும். உச்சி நாற்காலி வேறு, அவையில் உட்காரும் பெஞ்சு வேறு. மகளிடம் இதைச் சொல்லுங்கள்.

சிரிமாவோ பேச்சு வந்ததால் இன்னொன்றும். 1964இல் அவர் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு போட்ட ஒப்பந்தத்தில்தான் இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. மண்டபம் முகாமில் மூட்டையோடு இறங்கியவர்களில் வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்த பெண்கள் எத்தனையோ பேர். பெண் தலைமைக்கு வந்தால் பெண்களுக்கெல்லாம் விடிந்துவிடும் என்று நான் வகுப்பில் சொல்வதில்லை. நீங்களும் மேடையில் சொல்லாதீர்கள். உங்களுக்கும் உரிமை இருக்கிறது, வேலையும் தெரியும். நிற்பதற்கு அது போதும்.

சரி, ஒன்றியச் செயலாளருக்கு வருவோம். அவர் சொல்வதில் பாதி உண்மை. பிப்பா நாரிஸ், ரொனால்ட் இங்கிள்ஹார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல நாட்டு மக்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பை ஒப்பிட்டார்கள். "அரசியல் தலைமைக்குப் பெண்களைவிட ஆண்களே ஏற்றவர்கள்" என்பதை மறுப்பவர்கள் எந்த நாட்டில் அதிகமோ, அங்கே பொதுவாக நாடாளுமன்றத்திலும் பெண்கள் அதிகம் இருந்தார்கள். சட்டமும் தேர்தல் முறையும் மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை, மனசும் சேர்ந்து தீர்மானிக்கிறது என்பது அவர்கள் முடிவு. நான் அதை ஏற்கிறேன்.

ஆனால் அந்த மனசு எப்படி மாறுகிறது என்பதை மேற்கு வங்கத்தில் பார்த்திருக்கிறார்கள். பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய எஸ்தர் டூஃப்லோவும் அவருடைய சகாக்களும் பிர்பூம் மாவட்டக் கிராமங்களில் ஒரே தலைவர் உரையைச் சிலருக்கு ஆண் குரலிலும் சிலருக்குப் பெண் குரலிலும் போட்டுக் காட்டினார்கள். பெண் தலைவரையே பார்த்திராத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைவான மதிப்பெண் போட்டார்கள். இடஒதுக்கீட்டில் பெண் தலைவரைப் பார்த்துப் பழகிய ஊர்களில் அந்த வித்தியாசம் போய்விட்டது. இரண்டு முறை ஒதுக்கீடு கண்ட ஊர்களில் பிறகு பொதுத் தொகுதியிலும் பெண்கள் கூடுதலாக நின்றார்கள், ஜெயிக்கவும் செய்தார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் பண்பாட்டு வகுப்பு எடுக்கவில்லை. குடிதண்ணீர் வரவில்லை என்று ஒரு பெண்ணிடம் போய் முறையிட்டு, அவர் சரி செய்துகொடுத்ததைப் பார்த்தார்கள். உங்கள் எட்டு மாதத்தில் உங்கள் ஊரும் அதைத்தான் பார்த்தது.

"சனம் ஓட்டுப் போடாது" என்கிற மறுபாதி எனக்குச் செரிக்கவில்லை. 2024இல் தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் பத்து லட்சத்துக்கு மேல் அதிகம். நம் சிவகங்கை மக்களவைத் தொகுதி 1967இலிருந்து இருக்கிறது, இதுவரை ஒரு பெண்ணும் அங்கிருந்து டெல்லி போகவில்லை. சனம் மறுத்தது என்று சொல்வதற்கு முன்னால், சனத்திடம் கேட்டார்களா என்று பார்க்க வேண்டும். வாக்குச்சீட்டில் வரும் பெயரை முடிவு செய்வது வாக்காளர் அல்ல, கட்சி. ஒடிசாவில் பிஜு ஜனதா தளம் 2019இல் 21 இடங்களில் 7 பெண்களை நிறுத்தியது, 5 பேர் ஜெயித்தார்கள். இங்கே நாம் தமிழர் கட்சி பாதிக்குப் பாதி பெண்களை நிறுத்தியும் ஒருவரும் ஜெயிக்கவில்லை, ஆண்களும் ஜெயிக்கவில்லை. பெண் என்பதைவிட எந்தக் கட்சி, எந்தத் தொகுதி என்பதுதான் பெரிய கேள்வி. பண்பாடு என்று அவர் சொல்வது சீட்டுக் கொடுப்பவருக்கு வசதியான திரை.

2023இல் வந்த மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டத்தை நம்பி உட்கார்ந்திருக்கலாமா என்றும் உங்களுக்குத் தோன்றலாம். வேண்டாம். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு என்று போட்டுவிட்டு, கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறை என்று அதிலேயே எழுதினார்கள். முதல் மசோதா 1996இல் வந்தது. சட்டமாக இருபத்தேழு வருஷம் ஆனது. 2024 மக்களவையில் 543 பேரில் பெண்கள் 74, முந்தைய அவையைவிட நான்கு பேர் குறைவு. ஒதுக்கீடு நடைமுறைக்கு வரும் நாளில், கட்சியில் ஏற்கெனவே நாலு பேருக்குத் தெரிந்த பெண்ணாக நீங்கள் இல்லாவிட்டால், அந்த இடமும் யாரோ ஒருவர் வீட்டு மருமகளுக்குத்தான் போகும்.

அதனால் நான் முதலில் கேட்பது: கட்சியில் உங்களுக்கு என்ன பொறுப்பு? மகளிர் அணி என்றால், அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். தலைவர் வரும் நாளில் ஆரத்தித் தட்டோடு வெயிலில் நிற்க வைப்பார்கள், முளைப்பாரி தூக்கச் சொல்வார்கள். சீட்டுப் பேசும் அறைக்குள் அந்தத் தட்டுக்கு இடமில்லை. பாக முகவர் (பூத் ஏஜென்ட்) பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பூத்தில் எத்தனை ஓட்டு, யார் வெளியூர், யார் வெளிநாடு, எந்தத் தெரு யாருக்கு என்பது விரல் நுனியில் இருக்கட்டும். பிறகு ஒன்றியப் பொறுப்பு. நேர்காணலில் "உன் தொகுதியில் எத்தனை பூத்?" என்று கேட்டால் நோட்டைப் பார்க்காமல் பதில் சொல்லும் பெண்ணை ஒதுக்குவது அவர்களுக்கும் கஷ்டம்.

பண்பாடு உண்மையிலேயே காலை வாரும் இடம் ஒன்று உண்டு. அது ராத்திரி. கட்சியில் சீட்டுப் பேச்சு பத்து மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். லாட்ஜ் அறையில், கல்யாண மண்டபத்துப் பின்கட்டில், காரில் போகும் வழியில் எல்லாம் முடிந்துவிடும். ஆண் போனால் உழைப்பாளி, பெண் போனால் ஊர் வாய். இதற்கு என்னிடம் மந்திரம் கிடையாது. தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பெண்களாகச் சேர்ந்து போவது, முடிந்தவரை பகலில் கட்சி அலுவலகத்தில் எழுத்தில் கொடுப்பது என்று சமாளித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊர் வாய் எப்படியும் பேசும், ஊராட்சித் தலைவராக இருந்தபோதும் பேசியிருக்குமே.

அப்புறம் பணம். சட்டமன்றத்துக்கு டெபாசிட் 10,000, மக்களவைக்கு 25,000, பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு அதில் பாதி. அது சின்னத் தொகை. தேர்தல் ஆணையத்தின் செலவு வரம்பே சட்டமன்றத்துக்கு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். உண்மைச் செலவு என்ன என்பது நீங்களும் அறிந்ததுதான். 2024இல் நாட்டின் நிதியமைச்சரே தேர்தலில் நிற்க அவ்வளவு பணம் என்னிடம் இல்லை என்று சொன்னார், நீங்களும் நானும் எம்மாத்திரம்? வீட்டில் உட்கார்ந்து முன்கூட்டியே ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். இந்தத் தொகைக்கு மேல் ஒரு பைசா இல்லை, மகளுக்குச் சேர்த்த நகை அடகுக் கடைக்குப் போகாது, நிலப்பத்திரம் பீரோவை விட்டு வெளியே வராது. அந்தக் கோட்டுக்குள் நிற்க முடியாது என்றால் இந்த முறை ஒன்றியக் கவுன்சிலர் அல்லது மாவட்டக் கவுன்சிலர் தேர்தலைப் பாருங்கள். அது இறக்கம் இல்லை. கரூர் எம்.பி. ஜோதிமணி ஊராட்சி ஒன்றிய உறுப்பினராகத் தொடங்கியவர். 2014 மக்களவைத் தேர்தலில் தோற்று, 2019இல் அதே கரூரில் ஜெயித்தார். திரௌபதி முர்மு 1997இல் ஒரு சிறு நகரத்துக் கவுன்சிலர், 2022இல் குடியரசுத் தலைவர். ஏணி இருக்கிறது. படி அதிகம், சறுக்கும்.

இனி வீடு. உங்கள் வீட்டுக்காரரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை, அவர் இப்போது என்ன நினைக்கிறார் என்றும் சொல்லவில்லை. மாமியார் பேச்சு இருக்கிறது, செயலாளர் பேச்சு இருக்கிறது, மகள் பேச்சுக்கூட இருக்கிறது. அவருடையது மட்டும் காணோம். அவர் சிங்கப்பூரில் இருந்தபோது தலைவரானீர்கள், சரி. அவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஆக முடியுமா என்பதுதான் இப்போது உங்கள் முன் இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. சட்டமன்றம் அதற்கு அடுத்தது.

பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியைப் பாருங்கள். ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் ஊர் முணுமுணுப்பைத் தாண்டிப் படித்து, டாக்டராகி, 1927இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவரும் ஆனவர். 1914இல் சுந்தர ரெட்டியை மணக்கச் சம்மதிக்கும் முன்னாலேயே, என்னைச் சமமாக நடத்த வேண்டும், என் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். கணவர் செத்த பிறகும் இல்லை, கடல் தாண்டிப் போன பிறகும் இல்லை. அவரை எதிரில் வைத்துக்கொண்டு பேசி வாங்கிய இடம் அது.

உங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷம் ஆகியிருக்கும், இப்போது நிபந்தனை போட முடியாதுதான். ஆனால் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பேசிவிடலாம். கட்சிக்காரர்கள் அவருடைய போனுக்குக் கூப்பிட்டால், "அவகிட்டயே பேசுங்க" என்று உங்களிடம் போனைக் கொடுப்பாரா? இந்த ஒன்றுக்கு மட்டும் அவரிடம் பதில் வாங்குங்கள். கூட்டத்தில் அவர் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்காராமல் நாலு வரிசை தள்ளி உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். உங்கள் மாமனாரும் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்தவராக இருந்தால், அந்த வருஷங்களில் வீட்டை எப்படி நடத்தினீர்கள் என்று ஒரு சாயங்காலம் அவரையே கேளுங்கள். முழுக்கச் சொல்ல விடுங்கள், குறுக்கே பேசாதீர்கள். "ஊருக்குள்ள பண்ணுனது போதும்" என்று அவர் சொல்வதில் ஒரு பயம் இருக்கிறது, அது உங்களைப் பற்றிய பயம்தானா, தான் ஒரு காலத்தில் விட்டுக்கொடுத்ததைப் பற்றியதா என்று அப்போது தெரியும். எங்கள் அப்பத்தாவிடம் நான் அதைக் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம்.

மனுப் போடும் நாளுக்குள் ஒரு வேலை. ஐந்து வருஷத்தில் உங்கள் ஊராட்சி போட்ட முக்கியமான தீர்மானங்கள், எண், தேதி, எவ்வளவு தொகை, வேலை முடிந்ததா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். குறிப்பாக அந்த எட்டு மாதம். குழாய் போட்டது, கபசுரக் குடிநீர் கொடுத்தது, வெளியூரிலிருந்து வந்தவர்களைத் தங்க வைத்தது எதையும் விடாதீர்கள். கிராம சபைப் பதிவேடு இப்போது தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும், தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்டு வாங்கலாம்.

விருப்ப மனுவுக்குக் கட்சிகள் பணம் கட்டச் சொல்லும், தொகை கட்சிக்குக் கட்சி வேறு, பெண்களுக்குக் குறைத்து வாங்கும் கட்சிகளும் உண்டு. நீங்களே நேரில் போய்க் கட்டுங்கள். ரசீதில் பெயர் எழுதுகிறவர் பழக்கதோஷத்தில் உங்கள் வீட்டுக்காரர் பெயரை முன்னால் எழுத ஆரம்பிப்பார். வேறு ரசீது கேட்டு வாங்கிவிட்டு வாருங்கள்.